சைவத் தாச்சி

யூன் 2, திங்கள்

இன்று முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுக்கிறார்கள். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு இன்னும் ஒரு கிழமை. முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் கடல்நீரில் விளக்கெரியும் இந்த நாட்களில், அந்த ஊரவரான எங்கள் கணக்காளர் அக்கா மச்சம் தொடமாட்டார். முட்டையும் அவருக்கு மச்சந்தான். கிளிநொச்சியில் வாடகை அறையில் தங்கியிருப்பதால் அவரால் காலையில் சமைத்துக் கட்டிவர முடிவதில்லை. அலுவலகத்தில் ஆறு பேருக்கும் மதியச் சாப்பாடு எடுப்பிப்பது என் பொறுப்பு. "நாளைக்குச் சைனீஸ் எடுப்பம், அக்காவுக்கு மரக்கறி ரைஸ் சொல்லுங்கோ" என்று இளையவர்கள் கேட்டபோது, அது இலகுவான வேலை என்றே நினைத்தேன்.

யூன் 3, செவ்வாய்

பதினொரு மணிக்கு ஒழுங்கைக் கடைக்குத் தொலைபேசியில் சொன்னேன்: கோழி பிரைட் ரைஸ் மூன்று, கணவாய் டெவில் ஒன்று, சொப்சி ரைஸ் இரண்டு, மரக்கறி பிரைட் ரைஸ் ஒன்று. பன்னிரண்டரைக்குப் பார்சல்கள் வந்தன. அக்கா பெட்டியைத் திறந்து, கரட்டுக்கும் கோவாவுக்கும் இடையே மஞ்சளாகக் கிடந்த ஒரு துணுக்கைக் கரண்டி நுனியால் ஒதுக்கிப் பார்த்தார். முட்டை. அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பெட்டியை மூடி என் மேசையில் வைத்துவிட்டுப் பாணும் இரண்டு கதலிப் பழமும் வாங்கிச் சாப்பிட்டார். அந்த மௌனம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. 'மரக்கறி' என்ற ஒரு சொல்லை நம்பி விரதம் இருப்பவருக்குச் சாப்பாடு எடுப்பித்தது என் பிழை.

யூன் 4, புதன்

இன்று நேரிலேயே போனேன். கடையில் இரண்டு மேசைகள், பின்னால் ஒரு அடுப்பு, அவ்வளவுதான். சமைப்பவரான தம்பி கொழும்பில் ஒரு சைனீஸ் கடையில் தாச்சி கழுவுவதில் தொடங்கிப் பல வருடம் நின்று தொழில் பழகி வந்தவர். நேற்றைய முட்டையைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. "எங்கட தொழிலில மரக்கறி எண்டா இறைச்சி இல்லை எண்டுதான் அர்த்தம் அண்ணா. முட்டை எப்பவும் விழும்" என்றார். அவர் என்னை உள்ளே அழைத்து ஒவ்வொரு போத்தலாகக் காட்டியதை, மறக்கக்கூடாது என்பதற்காக இங்கே எழுதிவைக்கிறேன்.

சோயா சோஸ் சோயா அவரையும் கோதுமையும் உப்பும் சேர்ந்து புளித்தது. அதில் சிக்கல் இல்லை. பலர் பயப்படும் அஜினமோட்டோவும் சைவந்தான்: 1908இல் யப்பானில் கிகுனாயே இகெடா என்ற விஞ்ஞானி கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தறிந்த சுவை அது, இப்போது கரும்புப் பாகு, மாப்பொருள் போன்றவற்றைப் புளிக்கவைத்துச் செய்கிறார்கள். ஆனால் ஒயிஸ்டர் சோஸ் என்பது சிப்பியின் சாறு. கறுப்பாகத் தடித்திருப்பதால் அதையும் சோயா வகை என்றே இத்தனை காலமும் எண்ணியிருந்தேன். பக்கத்தில் இருந்த தூளில் கோழி இருக்கிறது. அவர் தாமே அரைக்கும் செத்தல் மிளகாய்ப் பேஸ்டில் உள்ளி, வினாகிரி, சீனியுடன் காய்ந்த கூனி இறாலும் சேர்கிறது. நாசி கோரெங் என்ற இந்தோனேசியப் பிரைட் ரைஸுக்கும் இறால் கூழ் வேண்டும். நூடில்ஸ் முட்டை சேர்த்தது. சொப்சி ரைஸின் மேல் ஊற்றும் குழம்பு, மரக்கறி நிறைந்து வெள்ளையாகத் தெரிந்தாலும், கோழி அவித்த தண்ணீரில் சோளமா கரைத்துத் தடிப்பாக்கியது. சொப்சி என்ற பெயருக்கே கன்டோனிய மொழியில் கலந்த துண்டுகள் என்பதுதான் பொருள். அமெரிக்காவுக்குப் போன சீனர்களிடையே வளர்ந்த உணவு அது. எந்தத் துண்டு என்று அந்தப் பெயர் சொல்லாது, நாம்தான் கேட்கவேண்டும்.

கடைசியாகத் தாச்சியைப் பற்றிக் கேட்டேன். இதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. எங்கள் வீடுகளில் மச்சச் சட்டி வேறு, சைவச் சட்டி வேறு. அம்மா அகப்பையைக்கூட மாற்றி வைக்கமாட்டார். இங்கே இருப்பது ஒரே தாச்சி. கணவாய் வறுத்ததைத் தண்ணீர் ஊற்றி ஈர்க்குத் துடைப்பத்தால் நாலு தரம் தேய்த்துவிட்டு அடுத்த ஓடருக்கு எண்ணெய் விடுகிறார். சாதாரண நாளில் அது போதும், விரதக்காரருக்குப் போதாது. தம்பி சற்று யோசித்துவிட்டு, "நாளைக்குப் பத்தரைக்கு முதல் சொல்லுங்கோ, வேற தாச்சி ஒண்டு வாங்கி வைக்கிறன்" என்றார்.

யூன் 5, வியாழன்

பத்து மணிக்கே போய், தாளில் எழுதிக் கொடுத்தேன்: முட்டை வேண்டாம், ஒயிஸ்டர் சோஸ் வேண்டாம், கோழித் தூள் வேண்டாம், மிளகாய்ப் பேஸ்ட் வேண்டாம், புதிய எண்ணெய். வாசித்து முடித்து அதை அடுப்புக்கு மேலே ஆணியில் குத்தினார்.

புதுத் தாச்சி வந்திருந்தது. முதலில் நல்லெண்ணெய் தடவி, புகை எழும்வரை சூடாக்கி, துடைத்து, மீண்டும் சூடாக்கினார். விடியற்காலையில் அவித்துத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, உடனேயே குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்த சோற்றை எடுத்து விரல்களால் உதிர்த்தார். சுடுசோற்றில் ஈரம் கூடியிருப்பதால் அது தாச்சியில் ஒட்டிக் குழைந்துவிடுமாம். ஆறிய சோற்றை வெளியில் விட்டுவைத்தால் வன்னி வெயிலில் கிருமி பெருகும் என்பதால் அதில் மிகக் கவனமாக இருக்கிறார். எண்ணெயில் உள்ளி சிவந்ததும் லீக்ஸ், கரட், கோவா விழுந்தன. அடுப்பு இரைந்த இரைச்சலில் நாங்கள் பேசியது எங்களுக்கே கேட்கவில்லை. சோற்றைக் கொட்டி இரண்டு தரம் தூக்கிப் போட்டபின், சோயா சோஸைச் சோற்றின் மேல் விடாமல் தாச்சியின் விளிம்பில் ஒரு சுற்று ஊற்றினார். அது சுரீரென்று கருகி எழுப்பிய வாசத்திலேயே சைவச் சோற்றுக்கு வேண்டிய சுவை இருந்தது. எண்ணூறு ரூபாய் வாங்கினார், தாச்சிக்கு ஒரு சதமும் கூட்டவில்லை.

அக்கா பெட்டியைத் திறந்து, முதலில் கரண்டியால் கிளறிப் பார்த்தார். பிறகு சாப்பிட்டு முடித்தார்.

யூன் 11, புதன்

பொங்கல் முடிந்து அக்கா இன்று வேலைக்கு வந்தார். எல்லோருக்கும் பொங்கல் கொண்டுவந்தார். அதில் ஒரு பங்கை வாழையிலையில் தனியாகக் கட்டி, கடைத் தம்பியிடம் கொடுக்கும்படி என்னிடம் தந்தார். கொண்டுபோனபோது அந்தத் தாச்சி மற்றதிலிருந்து விலகி, சுவரில் தனியாகத் தொங்கியது. பிடியில் பச்சைப் பெயின்ற்றால் 'சை' என்று எழுதியிருந்தார். அதில் சமைக்கச் சொல்லி வெள்ளிக்கிழமைகளில் இப்போது நாலைந்து பேர் கேட்கிறார்களாம். எங்கள் தாளும் அந்த ஆணியிலேயே இருந்தது. அதைக் கழற்றாமல், இன்றைய ஓடரை அதன் மேல் குத்தினார்.