அம்மா தைத்த துணியோடு வில்லியனூருக்கு

அம்மாவின் நேர்ச்சைக்கு நாற்பது வயதாகிறது. எனக்கு நான்கு வயதில் கடும் காய்ச்சல் கண்டு, கண் திறக்காமல் கிடந்தபோது, "பிள்ளையை எழுப்பிக் கொடு தாயே, என் கையாலேயே உனக்கு ஒரு பீடத்துணி தைத்துப் போடுகிறேன்" என்று புதுச்சேரி பக்கத்து வில்லியனூர் லூர்து மாதாவிடம் வேண்டிக்கொண்டார். மூன்றாம் நாள் நான் எழுந்து கஞ்சி கேட்டேனாம். துணிதான் தள்ளிக்கொண்டே போயிற்று. பகலெல்லாம் கூலிக்கு ஊசி பிடிக்கிறவருக்கு இரவில் எங்கே கண் தெரியும்?

சென்ற தவக்காலத்தில் ஒருவழியாகத் தைத்து முடித்தார். வெள்ளை லினன் துணி. ஓரம் முழுவதும் நீல நூலில் காம்புத் தையல், நான்கு மூலையிலும் லீலி மலர்கள். முடித்த கையோடு முழங்கால் மடங்காமல் போய்விட்டது. "நடந்து போய்க் கொடுப்பதாகத்தான் நேர்ந்துகொண்டேன், நீ போ" என்றார். போனேன்.

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து நடைப்பயணிகளோடு வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குப் புறப்பட்டோம். 25 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். பெண்ணையாற்றுப் பாலம் வரை பாட்டும் செபமாலையுமாக உற்சாகமாகவே நடந்தோம். ரெட்டிச்சாவடி தாண்டியதும் பாட்டு நின்றுவிட்டது. முதுகுக்குப் பின்னால் வரும் லாரி வெளிச்சமும் இரைச்சலும் மட்டும்தான். கிருமாம்பாக்கத்தில் வலது குதிகாலில் கொப்புளம் உடைந்தது. துணியைப் பாலித்தீன் உறையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டிருந்தேன். பையில் வைத்தால் கசங்கிவிடும் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கை மரத்துப்போனது. செபமாலையின் ஒவ்வொரு மணிக்கும் ஓர் அடி என்று எண்ணிக்கொண்டு நடந்தேன்.

அம்மாவுக்குப் பத்து வயதில் அப்பா இல்லை. மூன்று பிள்ளைகளோடு பாட்டி கூலி வேலைக்குப் போக, மூத்தவளான அம்மாவைப் புதுச்சேரியில் குளூனி என்ற கத்தோலிக்கத் துறவற சபைச் சிஸ்டர்கள் தையல் கற்கச் சேர்த்துக்கொண்டார்கள். ரொமேன் ரோலான் வீதியில் அவர்களுடைய பழைய பெரிய வீட்டில் இன்றும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பூத்தையல் போடுகிறார்கள். ஆதரவற்றவர்களும் கணவன் கைவிட்டவர்களும் ஊசியைப் பிடித்து எழுந்து நின்ற இடம் அது. திருமணமாகிக் கடலூருக்கு வந்த பிறகும் அம்மா தினமும் பஸ் ஏறிப் போய்வந்தார். என் பள்ளிக் கட்டணம், தங்கையின் பிரசவச் செலவு, வீட்டுக் கூரை எல்லாம் அந்த ஊசி முனையிலிருந்து வந்தவை.

அந்தச் சபையின் முதல் சிஸ்டர்கள் புதுச்சேரியில் வந்து இறங்கியது 1827இல். சூயஸ் கால்வாய் இல்லாத காலம். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு, திரும்பி ஊரைப் பார்ப்போமா என்று தெரியாமல் கப்பலேறி வந்த பெண்கள். சபையை நிறுவிய ஆன் மரி ஜவுஹே அம்மையார் தென் அமெரிக்காவில் பிரெஞ்சுக் கயானாவுக்குப் போய், அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்களை விடுதலை வாழ்வுக்கு ஆயத்தப்படுத்தியவர். அவருடைய சிறிய படம் ஒன்று எங்கள் வீட்டில் தையல் பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும். சின்ன வயதில் நான் அவரை எங்கள் உறவுக்காரப் பாட்டி என்றே நினைத்திருந்தேன்.

பாட்டி எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றது வேறொரு சபைச் சிஸ்டர்களிடம். துப்புய் அடிகளார் 1844இல் புதுச்சேரியில் தமிழ்ப் பெண்களைக் கொண்டே தொடங்கிய சபை அது. பெண்பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று ஊரே கேட்ட காலத்தில், அதற்கென்றே ஒரு சபையை உண்டாக்கியிருக்கிறார்.

"கஞ்சிக்கு வேதத்தில் சேர்ந்த கூட்டம்" என்று கிறிஸ்தவர்களான எங்களைச் சொல்பவர்கள் உண்டு. என் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள். தாது வருஷப் பஞ்சத்தில், 1876இலிருந்து 1878 வரை, இந்தப் பக்கத்துக் கிராமங்களில் மனிதர்கள் வழியிலேயே விழுந்து செத்தார்கள். அப்போது மிஷன் சாமியார்கள் கஞ்சித் தொட்டி வைத்தார்கள். அநாதைப் பிள்ளைகளை வாரியெடுத்தார்கள். எங்கள் பாட்டிக்குப் பாட்டி திண்டிவனம் பக்கத்திலிருந்து அந்தக் கஞ்சியைத் தேடி நடந்து வந்தவள்தான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கோவிலுக்குள்ளேயே சாதிக்கொரு பக்கம் ஒதுக்கி உட்கார வைத்த காலமும் இருந்தது. அந்த வலியையும் பாட்டி சொல்லித்தான் போனாள். ஆனாலும், சாகக் கிடந்தவளுக்கு முதலில் வாயில் நீர் ஊற்றிய கையை மறக்க என்னால் முடியாது.

வில்லியனூர் கோவில் எழுந்ததும் அதே பஞ்ச காலத்தில்தான். மாதாவின் சுரூபம் பிரான்சிலிருந்து 1877இல் வந்து சேர்ந்தது. அந்த நாட்டு லூர்து நகரில் மாதா காட்சி கொடுத்து அப்போது இருபது வருடம்கூட ஆகவில்லை. "1858இல் மாதா வந்தது யாரிடம்? அரண்மனைக்காரியிடமா? விறகு பொறுக்கப் போன பெர்னதெத்திடம்" என்று அம்மா அடிக்கடி சொல்வார். சொல்லும்போது அவர் குரலில் ஓர் உரிமை இருக்கும்.

விடியும்போது வில்லியனூர் வந்தது. திருக்காமீசுவரர் கோவில் பக்கம் மணியோசை கேட்டது. ஒரு டீக்கடைக்காரர், நெற்றி நிறைய விபூதியோடு, எங்கள் கூட்டத்துக்குக் காசு வாங்காமல் டீ கொடுத்தார். அவர் மகள் கல்யாணத்துக்கு மாதாவிடம் நேர்ந்திருக்கிறாராம். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

ஆனால் வாசலில் நடந்ததை நினைத்தால் இப்போதும் மனம் கொதிக்கிறது. பாஸ்கா என்னும் உயிர்ப்புத் திருநாளுக்குப் பிறகு கொடியேறும் நாட்களில் கூட்டம் தாங்காது என்பது தெரிந்ததுதான். அதற்காக, நடந்து வந்த கிழவியின் கையைப் பிடித்து இழுத்து, "இந்தப் பெரிய மெழுகுதிரி வாங்கினால்தான் நேர்ச்சை சேரும்" என்று ஒருவன் முந்நூறு ரூபாய் கேட்பானா? வரிசையில் முன்னால் விடுகிறேன் என்று இன்னொருவன் என்னிடமே விலை பேசினான். ஏழைகளின் தாயைப் பார்க்க வந்த ஏழைகளிடம் இப்படிப் பறிப்பது பெரும் பாவம். இதைக் கேட்பார் இல்லை.

திருக்குளத்தில் இறங்கிக் காலைக் கழுவினேன். லூர்து நீர் கலந்த குளம். கொப்புளம் எரிந்தது, பிறகு எரியவில்லை.

உள்ளே போனால், பீடத்தருகே யாரையும் விடவில்லை. துணியைக் கொடுக்க வேண்டும் என்றேன். "காணிக்கைப் பெட்டியில் போடுங்கள், நகருங்கள்" என்றார் ஒரு தொண்டர். பெட்டியில் எப்படிப் போடுவது? பின்னாலிருந்து கூட்டம் தள்ளியது. மாதாவின் முகம் தூண் மறைத்துப் பாதிதான் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பது வருட நேர்ச்சையைக் கசக்கிச் சுருட்டி ஒரு துளைக்குள் திணிக்கவா இரவெல்லாம் நடந்தேன்?

அப்போது ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த வயதான சிஸ்டர் ஒருவர் கையைக் காட்டி அழைத்தார். உறையைப் பிரித்துக் கொடுத்தேன். அவர் பூவைப் பார்க்கவில்லை. துணியை அப்படியே புரட்டிப் பின்புறத்தைப் பார்த்தார். முடிச்சு இருக்கிறதா என்று விரலால் தடவினார். ஒரு முடிச்சும் இல்லை. அம்மா நூலை முடிச்சிடாமல் தையலுக்குள்ளேயே செருகி மறைத்துவிடுவார். அப்படித்தான் அவருக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

"யார் தைத்தது?"

"என் அம்மா, சிஸ்டர்."

"எங்கே கற்றார்?"

சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். மெதுவாக எழுந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு, தொண்டரைக் கையசைத்து விலக்கி, என்னைப் பீடத்துக்கு அழைத்துப் போனார். துணியின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான். மாதாவின் பாதத்தடியில் விரித்தோம்.

நிமிர்ந்து பார்த்தேன். கேட்பதற்கு ஒரு பட்டியலே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்: மகனின் வேலை, கடன், அம்மாவின் முழங்கால். ஒன்றும் நினைவில் இல்லை. தாயே, தாயே என்பதைத் தவிர வாயில் வேறு சொல் வரவில்லை. பஞ்சத்தில் நடந்து வந்தவளையும், அப்பனில்லாத பத்து வயதுப் பெண்ணையும், காய்ச்சலில் கிடந்த என்னையும் கைவிடாதவளே! எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. யாரும் என்னைத் தள்ளவில்லை.

மாலையில் வீடு திரும்பியதும் அம்மா முதலில் கேட்டது துணி கசங்கியதா என்றுதான். எல்லாவற்றையும் சொன்னேன். பின்புறத்தைப் புரட்டிப் பார்த்ததைச் சொன்னபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தச் சிஸ்டர் பெயரைக் கேட்டாயா?"

கேட்கவில்லை.

"கேட்டிருக்கலாம். செபத்தில் சொல்ல ஒரு பெயர் வேண்டாமா?"

குளத்து நீரை முழங்காலில் தடவிவிட்டேன். அன்று முதல் எங்கள் வீட்டு இரவுச் செபமாலை முடிந்ததும், "துணியை வாங்கிக்கொண்ட சிஸ்டருக்காக" என்று சொல்லி அம்மா ஓர் அருள்நிறை மரியே சேர்த்துக்கொள்கிறார்.