புது ஊரில் ஃப்ளை ஃபிஷிங்குக்குத் தண்ணீர் தேடியது

புது ஊருக்குக் குடிவந்தவனிடம் நல்ல மீன்பிடி இடத்தை யாரும் சட்டென்று சொல்லிவிட மாட்டார்கள். கேட்டால் ஊருக்கே தெரிந்த இடத்தைக் காட்டுவார்கள். தாங்கள் போகிற இடத்தைப் பற்றி மூச்சுவிட மாட்டார்கள். குற்றம் சொல்ல முடியாது, நானும் அப்படித்தான். அதனால் மீன் எங்கே கிடைக்கும் என்று கேட்பதை விட்டுவிட்டு, கோடையிலும் சில்லென்று ஓடுகிற தண்ணீர் எங்கே என்று விசாரித்தேன். இதற்கு யாரும் தயங்கவில்லை.

எனக்கு வேண்டியது டிரவுட் என்ற குளிர்நீர் மீன். ஃப்ளை ஃபிஷிங் என்றால், இறகும் நூலும் சுற்றிப் பூச்சிபோலச் செய்த முள்ளை வீசி அதைப் பிடிப்பது. தண்ணீர் 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் அது நன்றாக இரை எடுக்கும். 20ஐத் தொட்டால் திணற ஆரம்பிக்கும், ஏனென்றால் தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைந்துகொண்டே போகும். அந்த நிலையில் பிடித்த மீனைத் திரும்ப விட்டாலும் பிழைப்பது சந்தேகம். ஆகவே சமவெளியில் அசைந்தாடி ஓடுகிற ஆறுகளை முதலிலேயே கழித்துவிட்டேன். மிச்சம் இரண்டே வகை: உயரத்தில் இருக்கும் மலை ஓடைகள், பெரிய அணைக்குக் கீழே ஓடும் ஆறு.

அணை விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ஆழமான நீர்த்தேக்கத்தில் கோடையில் சூடான தண்ணீர் மேலே நிற்கும். குளிர்ந்த தண்ணீர் கனம் என்பதால் அடியில் தங்கிவிடும். அடிமட்டத்திலிருந்து தண்ணீர் திறக்கும் அணையாக இருந்தால், வெளியே வெயில் கொளுத்தும்போதும் கீழே ஆற்றில் இறங்கினால் கால் விறைக்கும். மேலே வழிந்து வருகிற தண்ணீர் என்றால் கதை தலைகீழ். எவ்வளவு பெரிய அணை என்று பார்ப்பதைவிட எந்த மட்டத்திலிருந்து திறக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் பலன் தரும்.

அப்புறம் செயற்கைக்கோள் வரைபடம். வெள்ளை வெள்ளையாகத் தெரிவது கல்லில் மோதி ஓடும் ஆழமில்லாத இடம், அதற்குக் கீழே கரும்பச்சையாக இருப்பது மடு. இரண்டும் மாறி மாறி வருகிற பகுதியாக, பக்கத்தில் பாலமோ நடைபாதையோ இருப்பதாகக் குறித்துக்கொண்டேன். கரை நெருங்க மரம் இருந்தால் தள்ளிவைத்தேன். ஃப்ளை ஃபிஷிங்கில் தூரம் வீச ஈயக்குண்டு கிடையாது; நூலின் எடைதான் போலிப் பூச்சியைச் சுமந்து போகிறது. அந்த நூல் முதலில் முதுகுக்குப் பின்னால் முழுசாக நீள வேண்டும். பின்னால் கிளை இருந்தால் பிடிபடுவது மரம்தான்.

குறித்த இடங்களுக்கு முதல் முறை தூண்டில் இல்லாமல்தான் போனேன். கையில் இருந்தால் பார்க்கத் தோன்றாது, வீசத்தான் தோன்றும். கயிற்றில் கட்டிய தெர்மாமீட்டரைத் தண்ணீரில் விட்டுவிட்டு, டிரவுட் தின்னும் பூச்சிகள் இருக்கின்றனவா என்று பார்க்க முழங்கால் ஆழத்தில் ஒரு கல்லைப் புரட்டினேன். கல்லோடு ஒட்டினாற்போல் தட்டையாக மேஃப்ளை இளம்பூச்சிகள்: மூன்று மெல்லிய வால், வயிற்றின் இரு பக்கமும் துடிக்கும் செவுள்கள். பக்கத்தில் மணலை ஒட்டி ஒட்டிக் கட்டிய சிறு குழாய்க்குள் கேடிஸ் புழு. இரண்டு வால் உள்ள ஸ்டோன்ஃப்ளையும் ஒன்று ஊர்ந்தது. அது சுத்தமான, ஆக்சிஜன் நிறைந்த தண்ணீரில்தான் இருக்கும். அதைப் பார்த்த பிறகு வேறு சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை. கல்லை எடுத்தபடியே திரும்ப வைத்துவிட்டு, பூச்சிகளின் அளவை மட்டும் மனதில் வைத்துக்கொண்டேன். அதே அளவில் போலிப் பூச்சி கட்ட 16, 18ஆம் எண் முள் சரியாக இருக்கும். இந்த எண் கூடக் கூட முள் சிறிதாகும்.

கரையில் தூண்டிலோடு நின்ற பெரியவர் ஒருவர் நான் கல் புரட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இடம் எதையும் சொல்லவில்லை. "அணைக்குக் கீழே நிக்கிறப்போ ஓரமா ஒரு காஞ்ச கல்லைப் பாத்து வச்சுக்குங்க தம்பி. அது நனைஞ்சா யோசிக்காமக் கரையேறிடுங்க" என்றார். எந்த இடத்தைச் சொல்லியிருந்தாலும் இவ்வளவு உதவியிருக்காது. மின்சாரத்துக்காகத் தண்ணீர் திறந்தால் மட்டம் மளமளவென்று ஏறிவிடும். திறக்கும் நேரத்தை முன்கூட்டியே அறிவித்திருந்தால் அதையும் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

அனுமதிச் சீட்டு வாங்குவது பெரிய வேலை இல்லை. விதிகளை வாசிப்பதுதான் வேலை. ஒரே ஆற்றில் பாலத்துக்கு மேலே ஒரு விதி, கீழே ஒரு விதி இருக்கும்: முட்டையிடும் பருவத்தில் தடை, சில இடங்களில் எதிர்முள் (மீன் நழுவாமல் பிடிக்கும் பின்னோக்கிய சிறு கூர்) இல்லாத முள் மட்டும், சில இடங்களில் பிடித்ததை விட்டே ஆக வேண்டும். எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுவது என் வழக்கம், விதி இருந்தாலும் இல்லாவிட்டாலும். மீனுக்கும் நல்லது, என் விரலுக்கும் நல்லது.

தேடும்போது எதிர்பாராமல் கிடைத்தது வீட்டுக்குப் பக்கத்துக் குளம். கலங்கல் தண்ணீர், டிரவுட்டுக்கு ஆகாது. ஆனால் கெண்டைகள் தலையைச் சேற்றில் நுழைத்து வாலை ஆட்டிக்கொண்டு மேயும். போலரைஸ்டு கண்ணாடி போட்டால் தெளிவாகத் தெரியும். டிரவுட்டுக்கு வைத்திருக்கும் 5ஆம் எண் கோல் இதற்குப் போதாது. அதைவிட வலுவான 8ஆம் எண் எடுத்துப் போகிறேன். கெண்டையை மட்டமாகப் பேசுகிறவர்கள் ஒரு முறை அதன் மூக்குக்கு முன்னால் பூச்சியை ஓசையில்லாமல் இறக்கிப் பார்க்கட்டும்.

இப்போதைக்கு வேலை நாட்களில் சாயங்காலம் குளம், விடுமுறையில் அணைக்குக் கீழே. குளத்துச் சேறும் பாசியும் ஆற்றுக்குப் போகக்கூடாது என்பதால் நடுவில் பூட்ஸைக் கழுவி நன்றாகக் காயவைத்துவிடுவேன். மலை ஓடைகள் இன்னும் பாக்கி இருக்கின்றன. வெள்ளம் வடிந்து தண்ணீர் தெளிந்ததும், வெயில் ஏறுவதற்குள் ஒரு நடை போய் அங்கேயும் கல்லைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.