கண்ணோரத்து டேப்

போன மாதம் சிங்கப்பூரில், அலிவால் ஸ்திரீட் பக்கம் ஒரு கோப்பிக் கடையில் என்னை உட்காரவைத்து ஒரு தம்பி கேட்டான்: "அக்கா, ஒருத்தனை மேடையிலேயே கறுப்பாக்கணும். ஆடியன்ஸ் பார்க்கப் பார்க்க. முடியுமா?"

பால் விடாத தே ஓ ஆறிப் பச்சைத் தண்ணியாகும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.

முடியுமா என்றால் முடியும். முப்பது வருடத்துக்கு மேலாக இந்த ஊர்த் தமிழ் நாடகங்களுக்கும் அவ்வப்போது தொலைக்காட்சிக்கும் அரிதாரம் பூசுகிறவள் நான். கிழவி வேண்டுமா, தீக்காயம் வேண்டுமா, இரண்டு நாள் விடாமல் குடித்த முகம் வேண்டுமா, எல்லாவற்றுக்கும் என் பெட்டியில் ஏதாவது இருக்கும். கறுப்பாக்குவது அதிலெல்லாம் சுலபமான வேலை. ஆளின் நிறத்தைவிட மூன்று ஷேட் கூடுதலாக பவுண்டேஷன், ஈர ஸ்பாஞ்ச், மேலே பவுடர். கற்றுக்குட்டிகள் காதுக்குப் பின்புறத்தையும் விரல் கணுக்களையும் மறந்துவிடுவார்கள். நான் மறக்கமாட்டேன்.

தம்பியின் நாடகத்தில் ஒரு நடிகன் வருகிறான். விளம்பரப் படத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போகிறான். "உன்னைப் பார்த்தா இந்தியன் மாதிரியே தெரியலையே" என்று அனுப்பிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் உட்கார்ந்து தன் முகத்திலேயே தன் இனத்தைப் பூசிக்கொள்கிறான். தமிழன் தமிழனாக வேஷம் கட்டுகிறான். கதை எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் தொல்லை. பிடிக்காமல் இருந்திருந்தால் அப்போதே எழுந்து பஸ் ஏறியிருப்பேன்.

இது எங்கிருந்து முளைத்தது என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டாம். வெளியூரில் இருந்து படிப்பவர்களுக்காக: 2019 ஜூலையில் மின்னிலக்கக் கட்டணச் சேவை ஒன்றின் விளம்பரம் வந்தது. ஒரே சீன நடிகர், நான்கு வேடம். அதில் ஒன்று துடோங் என்ற தலைமுக்காடு அணிந்த மலாய்ப் பெண். இன்னொன்று, தோலைக் கறுப்பாக்கிக்கொண்ட இந்திய ஆண். கேள்வி எழுந்ததும் தயாரித்தவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். கூடவே ஒரு விளக்கமும் வந்தது: இந்தச் சேவை எல்லாருக்கும் பொது என்று காட்டத்தான், பல வேடம் கட்டுவதில் பேர் வாங்கிய ஒருவரைப் போட்டோமாம். அதாவது, திறமையைத்தான் காட்டினோம், அது கலை.

அந்த விளம்பரத்துக்குப் பதிலடியாக ப்ரீத்தி நாயர், சுபாஷ் நாயர் என்ற உடன்பிறப்புகள் இருவர் கெட்ட வார்த்தை கலந்து ஒரு ராப் காணொளி போட்டார்கள். அதை எடுக்கச் சொன்னார்கள். போலிஸ் விசாரித்து, இருவருக்கும் 24 மாதத்துக்கு நிபந்தனையுடன் கூடிய எச்சரிக்கை கொடுத்தது. விளம்பரமோ ரசனைக் குறைவானது, ஆனால் இணைய விதிமுறையை மீறவில்லை என்று முடிந்தது. அந்தக் காணொளியின் பாஷை எனக்கும் ஒப்பவில்லை. ஆனால் முதலில் கிள்ளியவனை விட்டுவிட்டு அழுத பிள்ளையைத் திட்டியது மாதிரி எனக்கு அன்றைக்குத் தோன்றியது. இன்றைக்கும் தோன்றுகிறது.

அன்று இரவே ஃபேஸ்புக்கில் நீளமாக எழுதினேன். "இந்தியனுக்கு ஒரு வேடம் இருந்தால் அதற்கு ஒரு இந்தியனைக் கூப்பிட என்ன கேடு? கழுத்து வரைக்கும் பவுண்டேஷன் பூசுகிற காசில் ஒரு பையனுக்குச் சம்பளமே கொடுத்திருக்கலாமே" என்றெல்லாம். லைக் குவிந்தது. மறுநாள் காலை என் பழைய நாடகத் தோழி ஒருத்தி வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினாள். ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

1994. கேனிங் ரைஸில் இருந்த பழைய டிராமா சென்டரின் ஒப்பனை அறை. நான் ஒல்லியாக, வாயில் ஹேர்பின்னைக் கடித்துக்கொண்டு, ஒரு தமிழ் நடிகரின் கண்ணோரத்தில் டேப் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

அது ஒரு நகைச்சுவை நாடகம். அதில் ஒரு சீன தவுக்கே, அதாவது முதலாளி, வருவார். எங்களில் சீனர் யாரும் இல்லை, தேடவும் இல்லை. பிளாஸ்திரியைச் சின்னதாக வெட்டி, இரண்டு கண் ஓரத்திலும் ஒட்டி, அதில் நூல் கோத்து, நெற்றிப் பொட்டுப் பக்கமாக இழுத்துத் தலைக்குப் பின்னால் முடிந்தேன். நூலைத் தொப்பி மறைத்துவிடும். புருவத்தைச் சோப்புக் குழைத்துத் தடவி அமுக்கினேன். மஞ்சள் கலந்த பவுண்டேஷன். மேலுதட்டின் இரண்டு பக்கமும் தொங்குகிற எலிவால் மீசை, ஸ்பிரிட் கம் என்ற பசை வைத்து. அந்த மனிதர் மேடைக்கு வந்து நின்றார், அவ்வளவுதான். வசனமே பேசவில்லை. அரங்கம் இரண்டாகப் பிளந்தது. நான் பக்கத்திரைக்குப் பின்னால் நின்று பூரித்துப் போனேன். என் கை வேலைக்குக் கிடைத்த முதல் பெரிய கைதட்டல் அது. நூல் இழுத்ததில் அவருக்குக் கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. அதற்கும் சிரித்தார்கள்.

மேலே லைட் அறையில் இருந்தவர் ஒரு சீன அங்கிள். எங்கள் குழுவுக்குப் பல வருடம் லைட் போட்டவர். அவருக்குத் தெரிந்த தமிழ், "சாப்பிட்டாச்சா", "சீக்கிரம்", "அய்யோ". போட்டோவைப் பார்த்தபோது முதலில் அவர்தான் ஞாபகத்துக்கு வந்தார். இருபத்தைந்து வருடத்தில் ஒருமுறைகூட அவர் அன்றைக்கு அங்கே இருந்தார் என்று நான் நினைத்ததில்லை.

நானும் எனக்கு வக்கீல் வைத்துப் பார்த்தேன். இங்கே சீனர்கள் நூற்றுக்கு எழுபத்து நாலு பேர், இந்தியர்கள் ஒன்பது. பெரும்பான்மையைச் சிறுபான்மை கிண்டல் செய்வதும், சிறுபான்மையைப் பெரும்பான்மை கிண்டல் செய்வதும் ஒன்றாகுமா? ஆகாது. இதில் பாதி நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. மீதிப் பாதிதான் இடிக்கிறது. அதே வருடங்களில் நாங்கள் போட்ட குறுநாடகங்களில் ஊரிலிருந்து வந்த கட்டுமானத் தொழிலாளி வேடம் எத்தனை! எண்ணெய் வழிய வாரிய தலை, கன்னத்தில் கறுப்பு, ஒரு பக்கம் மடித்துக் கட்டிய லுங்கி. அவர்கள் எங்களுக்குப் பெரும்பான்மையா? தொலைக்காட்சியில் ஏழைப் பெண் பாத்திரம் என்றால் சிவத்த நடிகையைக் கூட்டிவந்து உட்காரவைத்து, "ரெண்டு ஷேட் இறக்கிடுங்க" என்பார்கள். இறக்கியிருக்கிறேன். கறுத்த பெண்கள் அப்போது ஒருத்தியின் தோழியாகக்கூட வரமுடியாமல் வீட்டில் இருந்தார்கள்.

எங்கள் வீட்டுக் குளியலறைக்கு வருகிறேன்.

எழுபதுகளில் இங்கே வளர்ந்தவர்களுக்கு அந்தப் பற்பசை ஞாபகம் இருக்கும். பெட்டியில் உயரத் தொப்பி போட்ட ஒரு கறுப்பு மனிதர், பல் முழுக்கத் தெரியச் சிரிப்பார். பெயர் 'டார்க்கி', கறுத்தவர்களை இழிவாகச் சொல்லும் ஆங்கில வார்த்தை. 1933ல் ஷாங்காயில் தொடங்கிய சரக்கு. ஆல் ஜோல்சன் என்ற அமெரிக்க வெள்ளைக்காரர் முகத்தில் கறுப்புப் பூசிப் பாடி ஆடுவதைப் பார்த்துத்தான் முதலாளிக்கு அந்தப் படம் தோன்றியது என்று சொல்வார்கள். அந்த ஆட்டக்காரர்களுக்கு அந்தக் காலத்தில் அரிதாரமே சுட்ட தக்கைதான். தக்கையைக் கருக்கிப் பொடித்துக் குழைத்துப் பூசி, உதட்டைச் சுற்றி அகலமாக வெளுப்பு விட்டுவிடுவார்கள். அமெரிக்க மேடையில் கலை என்ற பெயரில் பூசிய கரி, கடல் தாண்டி ஷாங்காயில் டியூப்பாகி, தோ பாயோவில் எங்கள் வீட்டு அலமாரிக்கு வந்து, அங்கிருந்து என் அண்ணன் படித்த பள்ளிக்கூடத்துக்கும் போய்ச் சேர்ந்தது. அவனுக்கு அங்கே நாலு வருடம் அதுதான் பெயர். அவனோடு சேர்ந்து விளையாடிய பிள்ளைகள்தான் அப்படிக் கூப்பிட்டார்கள், கெட்ட பிள்ளைகள்கூட இல்லை. அப்பாவிடம் சொன்னபோது அவர் வாயில் நுரையோடு, "பல்லு சுத்தமாகுதா இல்லையா?" என்றார்.

1985ல் அந்தக் கம்பெனியில் பாதியை கோல்கேட் வாங்கியது. அமெரிக்காவில் சத்தம் கிளம்பியதும் 1989ல் 'டார்லி' என்று ஓர் எழுத்தை மாற்றினார்கள். சீனப் பெயரில் மட்டும் 'கறுப்பு மனிதர் பற்பசை' அப்படியே இருந்தது. அதையும் மாற்றப்போகிறோம் என்று அறிவித்தது 2021ல்தான். ஜோல்சன் தன் முகத்தை என்றைக்கோ கழுவிக்கொண்டு போய்விட்டார்.

நாடகம் ஒன்றரை மணி நேரம். திரை விழுந்ததும் கதை அங்கேயே நின்றுவிடும். படம் நிற்காது. அது தனியாக நடந்து போய் யார் வீட்டுக் கதவையாவது தட்டும். கலை என்று சொல்லி ஒன்றைச் செய்கிறவனிடம் நான் கேட்பது அதைத்தான்: உன் கதை இல்லாமல் இந்தப் படம் மட்டும் போய் நின்றால் அது என்ன பேசும்?

வெள்ளைக்கார நடிகர் லாரன்ஸ் ஒலிவியே 1965ல் ஷேக்ஸ்பியரின் கறுப்புத் தளபதி ஒத்தெல்லோவாக நடித்த படத்தைத் தொழில் கண்ணோடு பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். உள்ளங்கை, உதடு, நாக்கு தெரியும் விதம் வரை யோசித்திருக்கிறார்கள். ஒரு இடத்தில்கூட ஓரம் தெரியாது. 2021ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஓர் இசைப் பேராசிரியர், அவரே சீனாவில் பிறந்தவர், முன்னறிவிப்பு இல்லாமல் அந்தப் படத்தை வகுப்பில் போட்டார். மாணவர்கள் கொதித்தார்கள். மன்னிப்புக் கேட்டு அந்த வகுப்பிலிருந்து விலகிக்கொண்டார். அவர்மேல் எனக்குப் பரிதாபம்தான். ஆனால் படத்தில் நான் பார்ப்பது பூச்சு, அந்தப் பிள்ளைகள் பார்த்தது தங்கள் தாத்தாவை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா 2015ல் ஒத்தெல்லோவுக்குக் கறுப்புப் பூசுவதை நிறுத்தியது. பாட்டு ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

அப்படியானால் தொடவே கூடாதா? அதையும் என்னால் சொல்லமுடியவில்லை. பெட்டி சார் என்று ஒரு கறுப்பினப் பெண் கலைஞர். சமையல்காரக் கறுப்புப் பெண்ணைக் கேலிப் பொம்மையாக்கி அமெரிக்காவில் விற்பார்களே, அப்படி ஒரு பொம்மையை எடுத்து, ஒரு கையில் துடைப்பமும் மறு கையில் துப்பாக்கியும் கொடுத்து, பின்னால் அதே மாதிரிப் பெண்ணின் முகத்தைப் போட்டு விற்ற பான்கேக் மாவு விளம்பரப் படத்தையே வரிசையாக ஒட்டி, 1972ல் ஒரு படைப்பு செய்தார். போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். சிரிப்பு வரவில்லை. அந்தத் துப்பாக்கியைத் தனியாக வெட்டி எடுக்கமுடியாது, பொம்மையோடுதான் நடந்து வரும். ஆனால் 25 வருடம் கழித்து அதே பெட்டி சார், காரா வாக்கர் என்ற இன்னொரு கறுப்பினக் கலைஞர் கேலிப் பிம்பங்களை வைத்துச் செய்த படைப்புகளை எதிர்த்து ஊர் ஊராகக் கடிதம் எழுதினார். ஒரே காயம் பட்ட இருவருக்கே ஒத்துப்போகவில்லை.

நம் பக்கத்தில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? கதகளியில் வேடனுக்கும் அரக்கிக்கும் கரி வேஷம், நல்ல அரசனுக்குப் பச்சை. 2023ல் தமிழ்நாட்டு அரசு 'குறவன் குறத்தி' என்ற பெயரில் ஆடும் ஆட்டத்துக்குத் தடை போட்டபோது, பாரம்பரியக் கலை போச்சே என்று என் வாட்ஸ்அப் குழுவில் புலம்பியவர்கள் யாரும் குறவர்கள் இல்லை.

தம்பியிடம் கடைசியில், ஒத்திகைக்கு வருகிறேன், மற்றதைப் பிறகு பேசலாம் என்றேன். போனேன். நடிக்கும் பையன் ஏற்கெனவே நல்ல கறுப்பு. என் ஸ்பாஞ்சை வாங்கி அவனே பூசினான். பாதி முகம் முடிந்ததும் தலையை அப்படியும் இப்படியும் ஆட்டி, விளம்பரத்து இந்தியன் மாதிரி ஒரு வார்த்தை பேசினான். மூலையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். ஒருத்தி போனைத் தூக்கினாள்.

"சிரிக்கட்டும்கா. அப்புறம் சுருக்குன்னு குத்தும்" என்றான் தம்பி.

"குத்துற இடம் வர்றதுக்குள்ள அந்தப் பொண்ணு பதினஞ்சு செகண்ட் எடுத்து முடிச்சிட்டாப்பா."

தலையாட்டலை எடுத்துவிடச் சொன்னேன். சரி என்றான். அப்புறம், பூசுவதைக் காட்டுகிறாய் அல்லவா, கழுவுவதையும் முழுசாகக் காட்டு என்றேன். அந்த மாதிரி பூச்சு லேசில் போகாது. கோல்ட் கிரீம் தேய்த்து, துடைத்து, மறுபடி தேய்த்து, டிஷ்யூ பழுப்பாகி, குப்பைக்கூடை நிறைந்து, அதற்குப் பிறகும் மயிர்க்கால் ஓரத்திலும் சட்டைக் காலரிலும் ஒட்டிக்கொண்டு நிற்கும். அன்றைக்கு அந்தப் பையனுக்கு எட்டு நிமிடம் ஆனது, கடிகாரம் பார்த்தேன். எட்டு நிமிடம் வசனமில்லாமல் யாரும் உட்காரமாட்டார்கள் என்கிறான் தம்பி. மூன்று தருகிறானாம். இன்னும் பேரம் நடக்கிறது. எட்டு கிடைத்தால் செய்வேன், மூன்று என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும்.

நேற்று லைட் அங்கிளுக்கு போன் போட்டேன். எழுபத்தெட்டு வயது, ஈசூனில் மகள் வீட்டில் இருக்கிறார். "சாப்பிட்டாச்சா?" என்றுதான் தொடங்கினார். சுற்றிவளைத்து அந்த நாடகத்தைக் கேட்டேன், அந்த தவுக்கே வேடத்தை. கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அதுவா," என்றார், "எல்லாரும் சிரிச்சாங்க இல்ல? அதுல எனக்கு க்யூ கேட்கல. லைட் லேட்டாப் போட்டேன். உங்க டைரக்டர் என்னைத்தான் திட்டினாரு."