சிரிஞ்சுக்குள் சிக்கிய காற்று

வகுப்பில் நான்தான் கட்டையன். என் வாங்கில் இருந்தவனோ பாடசாலை உதைபந்தாட்ட அணியின் கோல்காப்பாளன். ஒருநாள் பௌதிகவியல் சேர் அவனிடம் தடித்த சிரிஞ்சையும் என்னிடம் மெல்லிய சிரிஞ்சையும் தந்தார். நடுவில் சேலைன் குழாய், உள்ளே நீல மை கலந்த தண்ணீர். "ரெண்டு பேரும் தள்ளுங்கோ பாப்பம்." நான் பெருவிரலால் அமத்தினேன். அவன் பல்லைக் கடித்தும் அவன் பக்கத்துத் தண்டு பின்வாங்கியது. வகுப்பு முழுக்கக் கூச்சல்.

"குறுக்களவு மூண்டு மடங்கு எண்டால் விசை எத்தனை மடங்கு?"

"மூண்டு, சேர்" என்றேன், வென்ற மிதப்பில்.

பரப்பளவு ஆரையின் வர்க்கத்தோடல்லவா கூடும்! 9 மடங்கு. அடைபட்ட திரவத்தில் நாம் கொடுக்கும் அமுக்கம் எங்கும் ஒன்றாகவே பரவும். பரப்பு பெருத்த பக்கம் விசையும் பெருக்கும். தண்ணீர் நிரம்பிய பாத்திரத்தின் ஒரு வாய் மற்றதைவிட 100 மடங்கு பெரிதானால், சிறிய வாயைத் தள்ளும் ஒருவன் பெரிய வாயைத் தள்ளும் 100 பேருக்கு ஈடு என்று பிரெஞ்சு விஞ்ஞானி பஸ்கால் எழுதிவைத்தார். அது அச்சேறியது அவர் இறந்த மறுவருடம், 1663இல். ஆங்கிலேயக் கண்டுபிடிப்பாளர் ஜோசப் பிராமா அதை வைத்து அழுத்தும் இயந்திரம் செய்து காப்புரிமை எடுக்க 1795 ஆகிவிட்டது.

"சும்மா கிடைக்காது" என்று அடிமட்டம் வைத்தும் காட்டினார் சேர். நான் 9 செ.மீ. தள்ளினால் அவன் தண்டு நகர்வது 1 செ.மீ.

மூன்றாம் ஆட்டத்தில் நான் தோற்றேன். என் தண்டு மெத்தென்று உள்ளே போனது, அவனுடையது அசையவில்லை. குழாயில் ஒரு காற்றுக் குமிழ். "தண்ணி லேசில நசியாது, காத்து நசியும். உன்ர தள்ளு முழுக்க அதுக்குள்ள போகுது."

ரொறன்ரோவில் நான் வேலைக்குச் சேர்ந்த கராஜில் வண்டி தூக்கும் எண்ணெய் ஜாக் ஒன்று மக்கர் பண்ணியது. பிடியை அடிக்க அடிக்கப் பஞ்சை அமத்துவதுபோல் இருந்தது. எறியச் சொன்னார்கள். நான் இறக்கும் திருகைத் தளர்த்தி, பிடியைப் பத்துத்தரம் வேகமாக அடித்துக் காற்றை வெளியேற்றி, எண்ணெய் விட்டு, திருகை இறுக்கினேன். ஏறியது.

பெரிய லிஃப்டில் வண்டியை ஏற்றியதும் சற்று இறக்கி, இரும்புப் பூட்டில் இருத்திவிட்டுத்தான் இன்றும் அடியில் போவேன். எண்ணெய்க் குழாய் வெடித்தால் பஸ்காலும் காப்பாற்றமாட்டார்.

ஜாக் கதையைச் சேருக்கு எழுதினேன். பதிலில் ஒரே வரி: "மூண்டோ, ஒன்பதோ?"