செதாக்காவைத் தானம் என்று எழுதி இழந்த புள்ளிகள்

பெறுபேறு வந்து பத்து நாளாகிறது. மூத்த மகளுக்குச் சமயபாடத்தில் 8ஆம் தரம், 9தான் உச்சம். தை மாத மாதிரிப் பரீட்சையில் 5 எடுத்தவள் என்பதால் வீட்டில் பாயசம் காய்ச்சினோம். 9க்கு மூன்று புள்ளிதான் குறைவு என்று பிறகு தெரிந்தது. அவள் அதை அன்றைக்கே மறந்துவிட்டாள், நான் மறக்கவில்லை. எப்படிப் படித்தாள் என்று கேட்கும் ஒவ்வொரு தாய்க்கும் தொலைபேசியில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன்.

இங்கிலாந்தில் பதினோராம் ஆண்டு முடிவில் எழுதும் ஜிசிஎஸ்இ பரீட்சை, ஏக்யூஏ என்ற பரீட்சைச் சபை, முதல் சமயம் கிறிஸ்தவம், இரண்டாம் சமயம் யூதம். இஸ்லாமோ இந்து சமயமோ எடுக்கிற பிள்ளைகளின் பெற்றோருக்கு இதில் அதிகம் இல்லை. பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சற்றுப் பிந்திவிட்டது. ஏழு, எட்டு, ஒன்பதாம் ஆண்டில் பிள்ளை வைத்திருப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள். பல பள்ளிகளில் இந்தப் பாடத்தை ஒன்பதாம் ஆண்டிலேயே தொடங்கிவிடுகிறார்கள். அப்போது தலைக்குள் தவறாகப் போகிற ஒரு சொல் பரீட்சை மண்டபம் வரை கூடவே வரும். எங்களுக்கு வந்தது.

தவறு என்னுடையது. ஒன்பதாம் ஆண்டில் ஒரு நாள் நான் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். “அம்மா, செதாக்கா என்றால் என்ன?” என்று கேட்டாள். கொப்பியை எட்டிப் பார்த்தேன். பக்கத்தில் ஆங்கிலத்தில் அறக்கொடை என்ற பொருளில் ஒரு சொல் இருந்தது. “தானம்தான் பிள்ளை” என்றேன். அதோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை. கோவில் அன்னதானம், புண்ணியம், கொடுக்கிற மனம் என்று பத்து நிமிடம் விளக்கம் வேறு. ஆசிரியை வகுப்பில் சரியாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்; கொப்பியிலும் சரியாக இருந்தது. ஆனால் வீட்டு மொழியில் கேட்டதுதான் பிள்ளையின் மனதில் தங்கியது. இரண்டு ஆண்டும் அவள் எழுதிய விடைகள் எல்லாம் ஒரே அச்சு: யூதர்கள் இரக்கமுள்ளவர்கள், ஆகவே ஏழைகளுக்குக் கொடுக்கிறார்கள், கடவுள் மகிழ்வார்.

மாதிரிப் பரீட்சையில் 12 புள்ளி வினா ஒன்றுக்கு 4 கிடைத்தது. செதாக்காவா, அன்புச் செயல்கள் எனப்படும் கெமிலுத் ஹசதிமா, எது பெரிது என்பதுபோல ஒரு கூற்று; இரு பக்கமும் வாதிட்டு எழுத வேண்டும். விடையின் ஓரத்தில் ஆசிரியை எழுதியிருந்தார்: “இது எந்தச் சமயத்துக்கும் பொருந்தும் விடை.” அந்த வரியை வாசித்தபோது எனக்கே திட்டு விழுந்ததுபோல இருந்தது.

முடிச்சை அவிழ்த்தது பக்கத்து வீட்டு மானிப்பாய் அக்காவின் தமிழ் பைபிள். அக்கா ஆதியாகமம் 15:6ஐ எடுத்து வாசித்தார். ஆபிரகாம் கர்த்தரை விசுவாசித்தான், அதை அவர் அவனுக்கு நீதியாக எண்ணினார். மகள் கைபேசியில் எபிரேய மூலத்தைத் திறந்து அந்த வசனத்தைப் பார்த்தாள். ‘நீதி’ என்று தமிழில் இருக்கும் இடத்தில் எபிரேயத்தில் நிற்பது செதாக்கா என்ற அதே சொல். உபாகமம் 16:20இல் நீதியைப் பின்பற்று என்று சொல்லும் இடத்தில் வரும் ‘செதெக்’ அதற்கு உடன்பிறப்பு.

தானம் இல்லை, நீதி. இந்த ஒரு திருத்தம்தான் 5ஐ 8 ஆக்கியது என்று நான் சொல்வேன். மகள் சொல்லமாட்டாள், தான் மாசி, பங்குனி முழுக்க இருந்து படித்ததால் வந்தது என்பாள். அவளுக்கு அவள் கணக்கு.

நீதி என்று வைத்துக்கொண்டு பழைய குறிப்புகளை மறுபடி வாசித்தால் எல்லாம் இடத்தில் போய் உட்காருகிறது. அறுவடை செய்யும்போது வயலின் ஓரத்தை வெட்டாமல் ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிடு என்று லேவியராகமம் 19 சொல்கிறது. அந்த ஓரத்தில் விளைந்ததை உழவன் ‘கொடுப்பது’ இல்லை. அது முதலிலேயே அவனுடையது அல்ல. யூத அறிஞர் மைமோனிடஸ் 12ஆம் நூற்றாண்டில் தொகுத்த மிஷ்னே தோரா என்ற சட்டத் தொகுப்பில் ஒரு விதி உண்டு: செதாக்கா வாங்கிப் பிழைக்கிற ஏழையும் தன் பங்குக்குச் செதாக்கா கொடுக்க வேண்டும். தானம் என்று நினைத்தால் இது கொடுமையாகத் தெரியும். கடன் என்று நினைத்தால், ஏழையையும் கடமையுள்ள மனிதனாக மதிப்பது என்று விளங்கும். நம்மிடமும் ஈகை வேறு, ஒப்புரவு வேறு என்று பிரித்து வைத்த சொற்கள் உண்டு. நான்தான் ஒப்புரவு நிற்கவேண்டிய இடத்தில் தானத்தைக் கொண்டுபோய் வைத்தேன்.

இனி கெமிலுத் ஹசதிம். அன்புச் செயல்கள். யூத ரபிகளின் விவாதத் தொகுப்பான தல்மூதின் சுக்கா பகுதி இது செதாக்காவைவிடப் பெரியது என்று சொல்லி மூன்று காரணம் கொடுக்கிறது. பிள்ளை இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும்:

– செதாக்கா பணத்தால் மட்டும். இது பணத்தாலும் உடல் உழைப்பாலும்.
– செதாக்கா ஏழைக்கு. இது ஏழைக்கும் பணக்காரனுக்கும்.
– செதாக்கா உயிரோடு இருப்பவனுக்கு, இது இறந்தவனுக்கும். அடக்கம் செய்வது, துக்க வீட்டில் போய் இருப்பது.

எதிர்ப்பக்கம் எழுத: செதாக்கா கட்டாயம், மனம் வந்தாலும் வராவிட்டாலும் ஏழைக்குப் போய்ச் சேரும். செதாக்காவுக்கு மைமோனிடஸ் வகுத்த எட்டுப் படிகளில் மனமில்லாமல் கொடுப்பதும் கடைசிப் படியாக இருக்கிறது. அதையும் அவர் தள்ளிவிடவில்லை. உச்சப் படியில் பிச்சையே இல்லை: கடன் கொடு, தொழிலில் பங்காளியாக்கு, வேலை கொடு, அவன் இனி யாரிடமும் கையேந்தாதபடி செய். இரண்டாம் படி, கொடுப்பவனுக்கும் பெறுபவனுக்கும் ஒருவரை ஒருவர் தெரியாமல் கொடுப்பது. எட்டையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். முதல், இரண்டாம், எட்டாம் படிகள் போதும்.

அந்த இரண்டாம் படியை என் மகள் தன் கண்ணாலேயே பார்த்திருந்தாள், பார்த்தது என்ன என்று தெரியாமல். ஒன்பதாம் ஆண்டில் இளையோருக்கான டியூக் ஆஃப் எடின்பரோ வெண்கல விருதுக்கு மூன்று மாதத் தொண்டு வேண்டும் அல்லவா? எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் தரிப்பிடம் தள்ளி ஒரு யூத ஜெபாலய மண்டபத்தில் உணவுப் பொதி கட்டும் வேலை கிடைத்தது. ஞாயிறு காலை. சனிக்கிழமை மண்டபம் பூட்டு, சபாத் என்னும் ஓய்வுநாள். எங்களுக்கும் சனி தமிழ்ப் பள்ளி, ஆகவே வசதி. பொதி கட்டுகிறவர்கள் ஓர் அறையில். எடுத்துப் போகிறவர்கள் வருவது பின்பக்கக் கதவால், வேறு ஆட்கள் பொறுப்பில். யாருக்கு எந்தப் பொதி என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. மூன்று மாதமும் அவள், “வாங்குகிறவர்களைப் பார்க்கவே விடுகிறார்கள் இல்லை” என்று குறைபட்டாள். மாதிரிப் பரீட்சைக்குப் பிறகுதான் அது ஏன் என்று விளங்கியது.

என் கதையும் ஒன்று உண்டு. முதல் வாரம் அவள் கையில் ஒரு பெரிய டப்பா நிறைய முறுக்கு கொடுத்து அனுப்பினேன். அப்படியே திரும்பி வந்தது. மிகவும் பணிவாகத் திருப்பினார்களாம். இரண்டு வாரம் எனக்கு முகம் கொடுக்க மனம் வரவில்லை. கஷ்ருத் என்னும் யூத உணவு விதிகளின்படி, பொருள் மரக்கறியாக இருந்தாலும் செய்த சமையலறை கோஷரா, அதாவது அந்த விதிகளுக்கு ஏற்றதா, என்பது கேள்வி. எங்கள் சட்டியில் இறைச்சியும் பொரித்திருக்கிறோம், பால்கோவாவும் கிளறியிருக்கிறோம். ஆகவே முத்திரையுள்ள, திறக்காத பொதிகள்தான் ஏற்பார்கள். இதே முறுக்கு பிறகு ஒரு 4 புள்ளி விடையாக உதவியது: உணவுச் சட்டம் அன்றாட வாழ்வில் எப்படிப் பாதிக்கிறது, இரண்டு வழி சொல்லு. ஒன்று, பாலுக்கும் இறைச்சிக்கும் தனித்தனிப் பாத்திரம். இரண்டு, வெளியார் வீட்டுச் சாப்பாட்டை ஏற்பதில் உள்ள கட்டுப்பாடு.

அங்கே பொதி கட்டிய ஒரு முதிய பெண்மணியிடம் நான் ஒரு நாள், “உங்களுக்குப் பெரிய புண்ணியம்” என்பதுபோல ஏதோ சொன்னேன். அவர் சிரித்தார். “இல்லை, நான் கொடுக்கவேண்டியதைக் கொடுக்கிறேன்” என்றார். அன்றைக்கு அது தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். பாடத்தையே கையில் தந்திருக்கிறார்.

ஆகவே சிறிய பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: தொண்டுக்குப் போங்கள், ஆனால் பையில் ஒரு சிறு கொப்பியும் வையுங்கள். நவம்பரில் மிட்ஸ்வா நாள் வரும்; மிட்ஸ்வா என்றால் கட்டளை. 2005இல் லாரா மார்க்ஸ் தொடங்கியது. பணம் கேட்பது இல்லை, நேரம்தான் கேட்பார்கள், மற்றச் சமயத்தவரையும் சேர்த்துக்கொள்வார்கள். யூதப் பிள்ளைகளுக்கு இந்த வயதில் இது புதிதல்ல. ஆண் பிள்ளைக்குப் பார் மிட்ஸ்வா 13 வயதில், பெண் பிள்ளைக்குப் பாத் மிட்ஸ்வா 12 வயதில். கட்டளைகளுக்குத் தானே பொறுப்பாகும் வயது அது, ஆகவே பலர் அந்த ஆண்டில் ஏதாவது ஒரு தொண்டையும் சேர்த்துச் செய்கிறார்கள்.

கீழ் வகுப்பு யூதப் பிள்ளைகள் தொண்டு செய்து பெறும் விருது ஒன்று யோனி ஜெஸ்னர் பெயரில் இருக்கிறது. கிளாஸ்கோ இளைஞர், வயது 19. 2002 செப்டெம்பரில் டெல் அவிவில் பஸ்ஸில் வெடித்த குண்டில் இறந்தார். குடும்பம் உறுப்புகளைக் கொடுத்தது. அவருடைய சிறுநீரகம் கிழக்கு ஜெருசலேமின் பாலஸ்தீனச் சிறுமி ஒருத்திக்குப் பொருத்தப்பட்டது. மகள் இதை வாசித்த அன்று இரவு சாப்பிடவில்லை. பிகுவாக் நெஃபெஷ், உயிர் காப்பது மற்ற எல்லாக் கட்டளைக்கும் ஏறக்குறைய மேலானது என்ற தலைப்புக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. சபாத்தில் அம்புலன்ஸ் ஓட்டலாம் என்பதை எல்லாப் பிள்ளைகளும் எழுதுவார்கள்.

இனி முதல் வினாத்தாள். 105 நிமிடம், 96 புள்ளி. அதில் 12 புள்ளி வினா நான்கு, அதாவது சரிபாதி. இது தெரிந்தும் பிள்ளைகள் 4 புள்ளிக்கு ஒரு பக்கம் எழுதுகிறார்கள்.

– 12 புள்ளிக்கு 13 நிமிடம். முடியாவிட்டாலும் முடிவுரை இரண்டு வரி எழுதிவிட்டு நகர வேண்டும்.
– 5 புள்ளியில் ஒரு புள்ளி மூலநூலைச் சுட்டுவதற்கு மட்டும். அதிகார எண் தேவையில்லை; ‘தோராவில்’ (யூத வேதத்தின் முதல் ஐந்து நூல்கள்) என்று சொல்லிக் கருத்தைச் சரியாகத் தந்தால் போதும். எண்ணைத் தவறாக எழுதுவதைவிட எழுதாமல் விடுவது மேல்.
– பழைய ஏற்பாடு என்று எழுதக் கூடாது. தனாக், அதுதான் யூத வேதத்தின் பெயர். தேவாலயம் என்றும் கூடாது, ஜெபாலயம். முதல் பகுதியில் கிறிஸ்தவம் எழுதிவிட்டு வரும் கை தானாகவே எழுதிவிடும்.
– ‘யூதர்கள் நம்புகிறார்கள்’ என்று மொத்தமாக எழுதாமல் மரபை அப்படியே பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் யூதர், சீர்திருத்த யூதர் என்று பிரித்தால் 12 புள்ளி வினாவின் மறுபக்கம் தானாகக் கிடைக்கும். திக்குன் ஒலாம், உலகைச் செப்பனிடுவது, இதற்கு நல்ல இடம்: சிலருக்கு அது சமூகப் பணி, சிலருக்குக் கட்டளைகளைக் கைக்கொண்டு கடவுளிடம் நெருங்குவது.
– ஆபிரகாமுடன் செய்த உடன்படிக்கை வேறு, சீனாய் மலையில் மோசே வழியாக வந்தது வேறு. விருத்தசேதனம் முதலாவதற்கு, பத்துக் கட்டளை இரண்டாவதற்கு. என் மகள் மாற்றி எழுதினாள். அந்த மூன்று புள்ளி எங்கே போனது என்பதற்கு என்னிடம் இருக்கும் ஒரே விடை அது.
– இரண்டாம் தாளில் வறுமை பற்றி வந்தால் வேர்ல்ட் ஜூயிஷ் ரிலீஃப் எழுதலாம். 1933இல் ஜெர்மனி யூதர்களுக்கு உதவத் தொடங்கிய அமைப்பு, இப்போது யூதரல்லாதவர்களுக்கும் உதவுகிறது.

வண்ண அட்டைகள் பற்றிக் கேட்கிறார்கள். வாங்கினோம், மூன்று நிறத்தில். எழுதி அடுக்குவதிலேயே இரண்டு வாரம் போனது. எங்கள் வீட்டில் வேலை செய்தது வாய்தான். நான் சமைப்பேன், அவள் அடுப்பு மேடையில் சாய்ந்து நின்று ஒரு கூற்றுக்கு ஆதரவாகப் பேசுவாள், பிறகு நான் சொல்லும்போது எதிர்ப்பக்கம் மாறுவாள். பேசுகிற பிள்ளைக்கு இது சரி. பேசாத பிள்ளைக்கு என்ன செய்வது என்று எனக்கு இனிமேல்தான் தெரிய வேண்டும், ஏனென்றால் சின்னவன் அந்த வகை.

அவனுக்கு இப்போது எட்டாம் ஆண்டு. போன வாரம் கொப்பியோடு வந்து, “செதாக்கா என்றால் என்ன?” என்று என்னிடம் கேட்டான். அக்காவிடம் போய்க் கேள் என்றேன். நவம்பர் மிட்ஸ்வா நாளுக்குப் பெயர் கொடுத்தாயிற்று. முறுக்கு கொடுத்து அனுப்புவதாக இல்லை.