உப்பு நின்ற இடம்

மட்டக்களப்பில் கூத்துக்காரர்கள் நடுவே மத்தளத்தைத் தொடுகிறவனிடம் முதலில் கேட்கப்படுவது, "எந்த அண்ணாவியாரிடம் பழகினீர்கள்?" என்பதுதான். அண்ணாவியார் என்றால் கூத்துப் பழக்கும் ஆசான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கூத்தாடும் களரியின் ஓரத்தில் சாக்கு விரித்து விடியவிடிய உட்கார்ந்து அண்ணாவியாரின் கையைப் பார்த்தேன். வடமோடி, தென்மோடி என்னும் இரண்டு கூத்து வகைகளுக்கும் தாளக்கட்டு மாறுவதை மறுநாள் பள்ளிக்கூட மேசையில் தட்டிப் பார்த்தேன். அவ்வளவுதான் என் பயிற்சி. கண்ணால் பழகிய கைக்கு ஒரு குறை உண்டு: ஓசை ஒழுங்காக வரும், விரல் விழுகிற விதம் மட்டும் எவருக்கும் பிடிக்காது. மிருதங்கம் முறையாகப் படித்தவர்கள் என் இடது கையைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

நானே வாத்தியம் செய்யத் தொடங்கியதற்கு அந்தச் சிரிப்பும் ஒரு காரணம் என்றால் நண்பர்கள் நம்புவதில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஊரில் ஒன்றே ஒன்று இருக்கிற வாத்தியத்தை வாசிப்பவனிடம், கை பிழை என்று யார் சொல்ல முடியும்?

தொடக்கம் பழைய இரும்புக்கடையில். அலுமினியப் பட்டை ஒன்றைக் கையில் பிடித்துத் தட்டினால் 'டொக்' என்று செத்துப்போகும். அதே பட்டையை உரிய இடத்தில் கட்டித் தொங்கவிட்டால் நெடுநேரம் ஒலிக்கும். உரிய இடத்தை எனக்குக் காட்டியது சமையலறை உப்பு. பட்டையை இரண்டு பஞ்சுத் துண்டுகளின் மேல் கிடத்தி, தூள் உப்பை மேலே சீராகத் தூவி, நடுவில் ரப்பர் முனைக் கோலால் மெல்லத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் உப்பு எல்லா இடத்திலும் துள்ளும். பிறகு நடுவிலிருந்தும் முனைகளிலிருந்தும் விலகி ஊர்ந்து, பட்டைக்குக் குறுக்கே இரண்டு வெள்ளைக் கோடுகளாகக் கூடி நிற்கும். பட்டை முழுவதும் அதிரும்போது அசையாமல் இருக்கும் இடங்கள் அவை இரண்டும்தான். துளை போடுவதும் கயிறு கோப்பதும் அங்கேதான். ஒரு மீற்றர்ப் பட்டையென்றால் கோடு ஒவ்வொரு முனையிலிருந்தும் ஏறத்தாழ 22.4 சென்றிமீற்றரில் விழும். பட்டை சீரானதாக இருந்தால் எந்த நீளத்துக்கும் இதே விகிதம். கண்ணாடித் தகட்டில் மணல் தூவி, ஓரத்தை வில்லால் உரசி, எர்ன்ஸ்ட் கிளாட்னி இத்தகைய கோலங்களை 1787-இலேயே வெளியிட்டுவிட்டார். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது. தெரிந்தபோது கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

தந்தியோடு பழகியவர்கள் பட்டையில் தடுமாறுவார்கள். இழுவை மாறாத தந்தியின் நீளத்தைப் பாதியாக்கினால் ஒரு ஸ்தாயி, அதாவது ச-விலிருந்து மேல் ச-வுக்கு, ஏறும். பட்டையைப் பாதியாக்கினால் இரண்டு ஸ்தாயி ஏறிவிடும். ஒரே ஸ்தாயி ஏற வேண்டுமானால் நீளத்தில் 71 சதவீதத்தை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்ட வேண்டும். முனையை அராவினால் சுரம் ஏறும், நடுவின் அடிப்பக்கத்தை அராவினால் இறங்கும். இறக்குவது சுலபமென்று அராவிக்கொண்டே போனால் பட்டை மெலிந்து குரலும் மெலியும்.

வாத்தியமும் கணக்கும் இந்த மண்ணுக்குப் புதியவை அல்ல. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானப் பட்டதாரி. வழக்கொழிந்துபோன யாழை, சிலப்பதிகாரம் முதலான பழைய நூல்களின் குறிப்புகளையும் சுருதிக் கணக்கையும் கொண்டு மீட்டெடுக்க முயன்றார்; அவருடைய யாழ்நூல் 1947-இல் வெளிவந்தது. அதன் கணக்குப் பக்கங்களை இன்றும் பென்சிலோடுதான் வாசிக்கிறேன். அடிகளார் கணக்கிலிருந்து வாத்தியத்துக்குப் போனார், நான் இரும்புக்கடையிலிருந்து கணக்குக்கு வந்தேன். நடுவழியில் சந்தித்திருந்தால் என் இடது கையைப் பற்றி அவரும் ஏதாவது சொல்லியிருப்பார்.

பட்டையோ குழாயோ, பட்டறைக்குள் ஒலிப்பது வேறு, வெளியில் தொங்கவிட்டு ஒலிக்க வைப்பது வேறு. கடற்கரையில் முதல் எதிரி உப்புக்காற்று. கட்டுக்கம்பி துருவேறி அறுந்துவிடும். தங்கூசி என்னும் நைலோன் நூல் வெயிலில் நொறுங்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வறண்டு வீசும் மாதங்களில் குழாய்கள் ஓயாமல் அடித்துக்கொள்ளும், அக்கம்பக்கத்தார் முறைப்பார்கள். வாடையில் கயிறு நனைந்து கனத்துத் தொய்ந்துவிடும். ஒருமுறை ஒரு விழாவுக்காகக் கரையில் குழாய்ப் பந்தல் அமைத்தோம். திறப்பு நேரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. "ஒரு மின்விசிறி வைக்க முடியாதா, தம்பி?" என்று ஏற்பாட்டாளர் ஒருவர் கேட்டார். பேசிய பணத்தில் பாதி இன்னும் வரவில்லை. குழாய்களை நான் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

செய்தவற்றில் எனக்குப் பிடித்ததற்குச் சுருதியே கிடையாது. மட்டக்களப்பு வாவியில் பாடும் மீன் கேட்கப் போகிறவர்கள் நிலா நாளில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் விட்டு மறுமுனையைக் காதோடு வைப்பார்கள். பாடுவது மீனா, ஓட்டு நத்தையான ஊரியா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை, எனக்கு அதில் பெரிய அக்கறையும் இல்லை. என்னைப் பிடித்து நிறுத்தியது துடுப்பு. நீருக்குள் எழும் ஓசை மேலே காற்றுக்குள் வரும்போது அதன் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் கடந்து வருகிறது. மற்றதெல்லாம் நீரின் முகத்தில் பட்டுத் திரும்பிவிடும். மரமோ அதை நேராக எலும்புக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. மின்சாரம் இல்லை, ஒலிபெருக்கி இல்லை.

அதனால் பழைய துடுப்புகளைத் தேடி வாங்கி, ஒரு சிறிய இறங்குதுறையில் வரிசையாகப் பொருத்தினேன். துடுப்பை இறுக்கிக் கட்டினால் இறங்குதுறையில் நடப்பவர்களின் காலடிதான் கேட்கும், தளரவிட்டால் அலை ஆட்டிவிடும். இங்கே உப்புத் தூவிப் பார்க்க வழியில்லை. பழைய டயர்க் குழாயை வளையமாக நறுக்கி, அதில் துடுப்பைத் தொங்கவிட்டபோதுதான் காலடி அடங்கியது. காதைவிடத் தாடையை வைத்தால் நன்றாகக் கேட்கும். ஆனால் பெரியவர்கள் தாடையை வைக்க வெட்கப்பட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த வெட்கம் இல்லை. ஒருவன் நீருக்குள் கல்லோடு கல்லைத் தட்ட, மற்றத் துடுப்புகளில் இருந்தவர்கள் ஒரே நேரத்தில் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள்.

இதையெல்லாம் ஒலி நிறுவல் என்று அழைப்பிதழில் அச்சிடுகிறார்கள். எங்கள் வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், அது எப்போதோ இருக்கிறது. வேளாண்மை காவலுக்கு வாடி என்னும் குடிலில் படுத்திருப்பவர், வரம்பு வழியே கயிறு இழுத்து, கல் போட்ட தகர டின்களை அதில் தொங்கவிடுவார். பன்றி வந்தாலும் யானை வந்தாலும் படுத்த இடத்திலிருந்தே கயிற்றை இழுப்பார். தூரத்தில் டின் அலறும்.

துடுப்பு வரிசையைப் பார்த்த திருக்கோவில் என்னும் ஊர்ப்பக்கத்துப் பெரியவர் ஒருவர் அண்மையில் பட்டறைக்கு வந்தார். இத்தனை தெளிவாகத் தேவையைச் சொன்ன வாடிக்கையாளர் எனக்கு வாய்த்ததில்லை. டின் சத்தம் யானைக்குப் பழகிவிட்டது, ஆகவே ஒரு நாளைப் போல் மறுநாள் இருக்கக் கூடாது. மழையில் நின்றுவிடக் கூடாது. கயிறு ஒரு கையால் இழுபட வேண்டும். கூலியை அறுவடையானதும் நெல் மூடையாகத் தருவதாகச் சொல்லி, பாதியை முன்கூட்டியே இறக்கிவிட்டும் போனார். "சுருதி கிருதி சேர்த்துவிடாதே மகன், சேர்ந்த ஓசையென்றால் யானை நின்று கேட்கும்" என்பது அவருடைய கடைசி நிபந்தனை. எனவே இந்த வாரம் எந்தக் குழாயும் எந்தக் குழாயோடும் சேராதபடி அளந்து வெட்டிக்கொண்டிருக்கிறேன். நான்காவது குழாய் எப்படி வெட்டினாலும் முதலாவதோடு இணங்கி ஒலிக்கும் பஞ்சமத்தில் போய் நிற்கிறது.