ஏர் எடுத்தும் இறுகாத பிரேக்: 1967 எம்ஜிபி வேலைக் குறிப்பு

பாளையங்கோட்டை ஷெட்டில் நிற்கும் எம்ஜிபி ரோட்ஸ்டருக்கு (பழைய பிரிட்டிஷ் திறந்த ஸ்போர்ட்ஸ் கார்) மூன்று ரப்பர் ஹோஸ், முன் காலிப்பர் (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) சீல், பின் வீல் சிலிண்டர் எல்லாம் புதிதாகப் போட்டாயிற்று. நாலு சக்கரத்திலும் ஏர் எடுத்து (ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றி), அரை லிட்டர் டாட் 4 பிரேக் ஆயில் டப்பா மூன்று காலி. பெடல் இன்னும் தரையைத் தொடுகிறது. இந்த நிலையில் நாலாவது டப்பாவை உடைப்பது வீண் செலவு. பெடல் இறங்குவதற்கு ஏர் மட்டும் காரணமல்ல; எப்படி இறங்குகிறது என்று முதலில் கவனிக்க வேண்டும்.

இந்த வண்டியில் முதல் மிதிக்குத் தரை வரை போனது. விட்டு உடனே மறுபடி மிதித்தால் பாதியில் நின்றது. பின் டிரம்மில் லைனிங் (டிரம்மை உரசி நிறுத்தும் பட்டை) விலகி நிற்பதன் அடையாளம் இது. எம்ஜிபியின் பின் பிரேக் தானாக அட்ஜஸ்ட் ஆகாது. பேக் பிளேட்டின் (டிரம்மின் உள்பக்கத் தகடு) பின்னால் சதுரத் தலை அட்ஜஸ்டர் இருக்கிறது. ஹேண்ட் பிரேக்கை முழுக்க விட்டுவிட்டு, சக்கரம் பிடித்துக்கொள்ளும் வரை முறுக்கி, தடையில்லாமல் சுற்றும் வரை ஒவ்வொரு கிளிக்காகத் தளர்த்த வேண்டும். துருவேறி இறுகியிருந்தால் துரு இளக்கும் ஆயில் அடித்து ஒரு ராத்திரி ஊற விடுங்கள். ஸ்க்ரூ ஸ்பேனரை மட்டும் போடாதீர்கள். சதுரம் மழுங்கிவிட்டால் அப்புறம் பேக் பிளேட்டோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

அட்ஜஸ்ட் செய்ததும் பெடல் மேலே வந்தது. ஆனால் பஞ்சை மிதிப்பது போன்ற மெத்தென்ற உணர்வு போகவில்லை. இதுதான் ஏர். எந்தச் சக்கரத்தில் என்று பார்க்க, ஹோஸை நெரித்து அடைக்கும் கிளாம்ப் மூன்று வேண்டும். வாய் உருண்டையாக இருக்க வேண்டும். பல் வைத்த பிளையரால் நெரித்தால் ஹோஸின் உள்சுவர் கிழியும். மூன்று ஹோஸையும் அடைத்ததும் பெடல் கல்லாக நின்றது. ஆக, பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் குறையில்லை. பின் கிளாம்பை எடுத்தால் சிறிது இறங்கி நின்றது, அது இயல்பு. முன் கிளாம்புகளில் எதை எடுத்தாலும் பெடல் பஞ்சானது.

சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தபோது விஷயம் கண்ணெதிரே இருந்தது: ஏர் எடுக்கத் திறக்கும் திருகான நிப்பிள் காலிப்பரின் அடியில்! சீல் மாற்றியபின் இடது காலிப்பர் வலதிலும், வலது இடதிலும் மாறி ஏறியிருந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், போல்ட்டும் சரியாகப் பொருந்தும். ஆனால் காற்று மேலே தேங்கும், ஆயில் அடிவழியாக வெளியேறும். ஆற்றளவு ஆயில் ஊற்றினாலும் அந்தக் குமிழி அசையாது. கழற்றும்போதே ஆணியால் இ, வ என்று கீறி வைப்பது நல்லது. மாற்றிப் பூட்டும்போது காலிப்பரின் இரு பாதிகளைச் சேர்க்கும் போல்ட்டில் கை வைக்கக் கூடாது.

பிறகு முறையாக ஏர் எடுத்தது. வலப்பக்க ஸ்டீயரிங் வண்டியில் மாஸ்டர் சிலிண்டரும் வலப்பக்கம்தான். அதனால் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்ற வரிசை. மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் தெளிந்த டியூபை நிப்பிளில் மாட்டி, முதலில் மேல்நோக்கி வளைத்து, மறுமுனையை ஆயில் உள்ள பாட்டிலில் முக்கி வைக்க வேண்டும். பெடலை மெதுவாக அழுத்தணும். வேகமாக அடித்தால் ஆயில் நுரைக்கும். “மிதிச்சாச்சு” என்ற குரல் வந்தபின் நிப்பிளைத் திறந்து, “விட்ராதல, பிடிச்சுக்க” என்று சொல்லி மூடியபின்தான் காலை எடுக்க வேண்டும். ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை ஆயில் ஊற்றியாக வேண்டும். மாஸ்டர் சிலிண்டரின் ஆயில் டாங்கி வறண்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்தது முக்கியம். பழைய மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் வழக்கமாகப் போகாத ஆழத்தில் துருத் திட்டு இருக்கும். ஏர் எடுக்கும்போது பெடல் தரை வரை போனால் சீலின் உதடு அதில் உரசிக் கிழியும். ஏர் எடுத்த மறுநாளே நல்ல மாஸ்டர் சிலிண்டர் கெட்டுப்போவது இதனால்தான். ஒரே அழுத்தத்தில் இரண்டு நிமிடம் மிதித்துப் பிடித்துப் பார்த்தோம், இறங்கவில்லை. வெளியே கசிவே இல்லாமல் பெடல் மெல்ல அமிழ்ந்தால் அந்த சீல் போய்விட்டதென்று அர்த்தம்.

பெடல் முனையில் சுமார் 3 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இல்லையென்றால் சூட்டில் விரியும் ஆயில் டாங்கிக்குத் திரும்ப வழியில்லாமல், ஓட ஓட பிரேக் தானாகப் பிடிக்கும்.

மிச்சமான ஆயிலை எடுத்து வைக்க வேண்டாம். டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155. தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கம் ஆனி, ஆடிச் சாரலில் திறந்த டப்பா வெகுநாள் தாங்காது. பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். ரப்பர் பாகங்களைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவினால் ஊதிப்போகும். புது பிரேக் ஆயிலிலேயே கழுவலாம்.

முற்றத்தில் பத்து முறை, காலியான ரோட்டில் இருபது முறை பிரேக் பிடித்துப் பார்த்தபின் பாபநாசம் மலைப்பாதை. இரண்டாம் கியரில் இறங்கி வந்து நிறுத்தியபோது பெடல் உயரம் மாறவில்லை. பின் இடது டிரம் மட்டும் வலதைவிட அதிகச் சூடு. அட்ஜஸ்டரை ஒரு கிளிக் தளர்த்தியதும் அடுத்த ஓட்டத்தில் இரண்டும் சமமானது.